பூதங்களுக்கு வேலை நேரம்

மந்தைவெளியில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள் என் அத்தை. அவள் லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, டிகாக்‌ஷன் இறக்கி, காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 4 ஜிபி ராம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதில் இருந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராசசரை ஏற்காது. "இதைத் தூக்கிப் போட்டுடலாமா சொல்லு, பூதம் மாதிரி எப்பப் பார்த்தாலும் என்னமோ உள்ளே அரைச்சுண்டே இருக்கு" என்றாள் அத்தை. தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு முயற்சியாக பாஸ் லினக்ஸைப் போட்டு, மூன்று வாரம் பயன்படுத்திப் பார்த்தோம். இது அதன் விமர்சனம்தான். ஆனால் வால்பேப்பர் அழகையும் ஐகான் வடிவத்தையும் பற்றியது அல்ல. அத்தை சொன்ன அந்த அரைப்பைப் பற்றியது.

பாஸ் நம் ஊர்ச் சரக்கு. அடையாறு தாண்டினால் தரமணி டைடல் பார்க். அங்கே இருக்கும், மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-இல் வந்தது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இதுவும் உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் அதைத் தொட்டதாக நினைவில்லை. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பி ஓய்வுபெற்றபோது, அரசுத் துறைகளிடம் பாஸை நிறுவிக்கொள்ளச் சொன்னார்கள். இப்போது நான் போட்டது 'பிரக்யா' என்ற 10-ஆம் பதிப்பு.

திரையில் எதுவும் திறக்காதபோதும் உள்ளே ஓடும் புரோகிராம்களை லினக்ஸ்காரர்கள் 'டீமன்' என்பார்கள். 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐ.பி.எம். 7094 கணினியோடு மல்லுக்கட்டியவர்கள் வைத்த பெயர். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் தன் கற்பனைச் சோதனையில் மூலக்கூறுகளைப் பிரித்து அனுப்ப ஒரு பூதத்தை நிறுத்தினாரே, அதன் நினைவாக. ஆக அத்தை வாய்தவறிச் சொன்னது சரியான கலைச்சொல். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பங்குனித் திருவிழாவில் சுவாமியைச் சுமந்து மாட வீதி சுற்றும் வாகனங்களில் பூதமும் உண்டு. கேள்வி, எந்தப் பூதம் சுமக்கிறது, எது சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறது என்பதுதான்.

இந்தப் பூதங்களுக்கெல்லாம் மேஸ்திரி 'சிஸ்டம்டி'. லெனார்ட் பொயட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010-இல் கொண்டுவந்தது. இதை ஏற்பதா வேண்டாமா என்று டெபியனுக்குள் பெரிய சண்டையே நடந்தது. 2014-இல் ஏற்றார்கள், பிடிக்காதவர்கள் பிரிந்துபோய் 'தேவுவான்' என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். டெபியன் வழியாக பாஸுக்கும் இந்த மேஸ்திரியே வந்து சேர்ந்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். கணக்குக் கேட்டால் ஒளிக்காமல் காட்டுவார்.

டெர்மினலில் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்று அடித்தேன். பூட் ஆகும்போது யார் எத்தனை நொடி எடுத்துக்கொண்டார்கள் என்ற பட்டியல் வந்தது. முதல் இடத்தில் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் சர்வீஸ். பார்த்ததும் கை துறுதுறுத்தது, இவனைத் தூக்கினால் போதும் என்று. தூக்கினேன். அத்தையின் காபி நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. இந்தப் பட்டியலில் எல்லோரும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். சர்வீஸ்கள் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் ஓடுபவை. ரேஷன் கடை வாசலில் ஒருவர் ஒரு மணி நேரம் நின்றார் என்பதற்காக, பக்கத்து டீக்கடையில் உங்களுக்கு டீ தாமதமாகாது. யாருக்காக யார் காத்திருந்தார் என்று தெரிய 'கிரிட்டிகல்-செயின்' என்ற இன்னொரு கட்டளை இருக்கிறது. அதில் நம் காத்திருப்பு வீரன் இல்லவே இல்லை. பாவம், அவனைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

நிஜக் குற்றவாளி லாகின் ஆன பிறகு வந்தான். புதிய அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்த்து இறக்கிவைக்கும் 'ஏபிடி-டெய்லி'. காலை ஆறு, மாலை ஆறு என்று நேரம் குறித்து, எல்லோரும் ஒரே சமயத்தில் சர்வரை மொய்க்காதபடி பன்னிரண்டு மணி நேரம்வரை தள்ளிப்போட்டு ஓடுவது. ஆனால் அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் பாக்கியை மறக்காது; அடுத்தமுறை ஆன் செய்த பிறகு வசூலுக்கு வந்து நிற்கும். அத்தை லேப்டாப்பைத் திறப்பதே பிள்ளைகள் வரும் மாலை வேளையில்தான். பிரவுசரும் அப்டேட்டும் ஒரே பழைய டிஸ்க்கை இருபுறமும் பிடித்து இழுத்தால் அரைக்காமல் என்ன செய்யும்? இவனை நிறுத்துவது முட்டாள்தனம், பாதுகாப்புத் திருத்தங்கள் இவன் வழியாகத்தான் வருகின்றன. டைமரை எடிட் செய்து, பூட் ஆகி அரை மணி கழித்து ஓடு என்று மாற்றினேன். மூன்று வாரத்தில் அத்தை கவனித்த ஒரே நல்ல மாற்றம் இதுதான்: "சத்தம் இப்ப உடனே வரலைடா."

மற்றவை சில்லறை. 'மோடம்மேனேஜர்' என்று ஒருவர் சிம் போட்ட யூஎஸ்பி டாங்கிளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். அந்த டாங்கிள்கள் எந்த டிராயரில் கிடக்கின்றனவோ! அவரை அனுப்பிவைத்தேன். ராமில் மிச்சமானது மிகக் கொஞ்சம், மனத்திருப்திதான் அதிகம். புளூடூத்தை விட்டுவைத்தேன், அத்தை இயர்போனில் கச்சேரி கேட்பாள். பிரிண்டர் சம்பந்தமான 'கப்ஸ்-பிரௌஸ்டு' விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். 2024 செப்டம்பரில் இதில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 631-ஆம் போர்ட் வழியாக வெளியாள் ஒருவன் போலிப் பிரிண்டரை உள்ளே நுழைத்து, நீங்கள் பிரிண்ட் கொடுக்கும் நேரம் பார்த்துத் தன் கட்டளையை ஓட்டிவிடலாம். திருத்தம் வந்துவிட்டது, இருந்தாலும் வீட்டுக்குத் தேவையில்லாத வாசலை எதற்குத் திறந்துவைப்பது?

வேலையை நிறுத்துவதில் மேஸ்திரியிடம் மூன்று படிகள் உண்டு. 'ஸ்டாப்' என்றால் இன்றைக்கு வீட்டுக்குப் போ. 'டிசேபிள்' என்றால் நாளையிலிருந்து தானாக வராதே. ஆனால் வேறு யாராவது கூப்பிட்டால் வந்துவிடுவான். பிரிண்ட் சர்வீஸான கப்ஸ் அப்படித்தான்: அதன் 'சாக்கெட்' வாசலில் காவல் இருக்கும், பிரிண்ட் வேலை வந்து தட்டியதும் உள்ளே தூங்குபவனை எழுப்பிவிடும். தூங்குகிறவன் சோறு கேட்பதில்லை என்பதால் இவனைத் தொடவே தேவையில்லை. மூன்றாவது 'மாஸ்க்': யார் கூப்பிட்டாலும் வராதபடி பெயரையே அடித்துவிடுவது. கப்ஸ்-பிரௌஸ்டுக்கு இதைத்தான் கொடுத்தேன்.

இவ்வளவையும் டெர்மினலில்தான் செய்ய வேண்டியிருந்தது. பாஸின் பெரிய குறை இதுதான். செட்டிங்ஸை எவ்வளவு துழாவியும் சர்வீஸ்களைக் காட்டும் ஜன்னல் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. விண்டோஸில் 'சர்வீசஸ்' என்று தேடினால் அகர வரிசையில் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம், யாரை நம்பி யார் இருக்கிறார் என்று காட்டும் தனிப் பக்கம், கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதுவரை இருக்கிறது. அதில் குழப்பமும் உண்டு, பெயர்கள் பாதி புரியாது. ஆனாலும் மவுஸ் பிடிக்கத் தெரிந்தவர் பார்க்க முடியும். அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் என்று செய்யப்பட்ட சிஸ்டத்தில், மெனுவெல்லாம் தமிழில் வைத்துக்கொண்டு, உள்ளே ஓடுவது எது என்று கேட்டால் மட்டும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் பதில் வருவது நியாயமில்லை. 'இது உங்கள் பிரிண்டரைத் தேடுகிறது, நிறுத்தினால் பிரிண்டர் தெரியாது' என்று தமிழில் ஒரு வரி போதும். அந்த வரி இருந்திருந்தால் நானே தப்பித்திருப்பேன்.

மூன்றாம் வாரம் 'அவாஹி' என்ற பெயர் கண்ணில் பட்டது. என்னவோ தேவையில்லாதது போல் தெரிந்தது. டிசேபிள் செய்து, சாக்கெட்டையும் மூடி, நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் மாலை ஆறு மணிக்கு போன்.

"டேய், பிள்ளைகள் பத்து பேர் உட்கார்ந்திருக்கு. கொஸ்டின் பேப்பர் எடுக்கணும். பிரிண்டரே காணோம்ங்கறது."

"பிரிண்டர் ஆன்ல இருக்கா அத்தை?"

"பக்கத்து ரூம்ல பச்சை விளக்கு எரியறது. இதுக்குத்தான் கண்ணு தெரியலை."

வைஃபையில் இருக்கும் பிரிண்டரைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பதே அவாஹிதான். டிரைவர் இல்லாமல் வேலை செய்யும் புதுப் பிரிண்டர்களுக்கு அது இல்லையென்றால் தானாகத் தென்பட வழியில்லை. போனிலேயே கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். 'சிஸ்டம்சிடிஎல்' என்பதை அவள் இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவது முறை சரியாக அடித்தாள். ஒரு நிமிடம் அமைதி. பிறகு பிரிண்டர் காகிதத்தை இழுக்கும் சத்தம் போனில் கேட்டது.

"வந்துடுத்து. இனிமே என்னைக் கேக்காம எதையும் நிறுத்தாதே" என்று வைத்துவிட்டாள்.