திரையேறாத மாயாவி

தமிழ்க் காமிக்ஸ் என்றதும் பழைய வாசகர் கண்முன் வந்து நிற்பது ஒரு கை. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவான். எஃகாலான வலது கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962-இல் தொடங்கிய இந்தத் தொடருக்கு ஸ்பெயின் ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ படம் வரைந்தார். 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தபோது அதன் முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'தான். பெயர் சூட்டியதிலேயே பாதி வெற்றி கிடைத்துவிட்டது. அரை நூற்றாண்டு தாண்டியும் மறுபதிப்பு காண்கிற இந்த மாயாவியைப் படமாக எடுக்கும் ஆசையை இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்.

இத்தனை செல்வாக்குள்ள நாயகன் ஏன் எழுபதுகளிலேயே திரைக்கு வரவில்லை? முதல் தடை உரிமை. முத்து காமிக்ஸைத் தொடங்கிய சௌந்திரபாண்டியனும், 1984-இல் லயன் காமிக்ஸைத் தொடங்கிய அவர் மகன் எஸ். விஜயனும் வெளிநாட்டுக் கதைகளைத் தமிழில் அச்சிடும் உரிமையைத்தான் வாங்கினார்கள். படமெடுக்கும் உரிமை அதில் சேராது. தமிழ்ச் சிறுவர்கள் தங்கள் ஊர்க்காரர்களாகவே நினைத்த நாயகர்களின் கடிவாளம் லண்டனிலும் மிலானிலும் பாரிசிலும் இருந்தது. அமெரிக்காவில் சூப்பர்மேனுக்கு 1941-லேயே அனிமேஷன் படங்கள் வந்ததற்குக் காரணம், பாத்திரத்தின் சொந்தக்காரரும் படக் கம்பெனியும் ஒரே நாட்டில் உட்கார்ந்து பேரம் பேச முடிந்ததுதான்.

இரண்டாவது தடை செலவு. ஆள் மறைந்து கை மட்டும் தெரிய வேண்டும் என்றால் ஓவியர் மற்றதை வரையாமல் விட்டால் போதும். கேமராவுக்கு அது பெரும்பாடு. காகிதத்தில் வெறுமைக்குக் காசு கிடையாது.

லயன் வாசகர்கள் தமிழில் நேசித்த வேறு சிலர் அவரவர் மண்ணில் திரையேறினார்கள். லயனின் முதல் இதழான 'கத்தி முனையில் மாடஸ்டி'யின் நாயகி மாடஸ்டி பிளைசி, ஜோசப் லோசி இயக்கிய 1966-ஆம் ஆண்டுப் படத்தில் மோனிகா விட்டியின் உருவில் வந்தாள். இத்தாலியின் டெக்ஸ் வில்லராக 1985-இல் ஜூலியானோ ஜெம்மா நடித்தார். தமிழில் கேப்டன் டைகர் எனப்படும் புளூபெர்ரியை 2004-இல் வின்சென்ட் காசெல் ஏற்றார். மூன்றுமே மூலக்கதை ரசிகர்களின் மனத்தில் நிற்கவில்லை. படக்கதையில் வாசகன் தன் வேகத்தில் பக்கம் புரட்டுகிறான், இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ளதைத் தானே நிரப்பிக்கொள்கிறான், டெக்ஸுக்கு ஒரு குரலையும் கொடுத்துவிடுகிறான். திரையில் வேறு குரல் கேட்டதும் முதல் அடி அங்கே விழுகிறது.

டெக்ஸும் டைகரும் கௌபாய்கள். கௌபாய் என்றால் தமிழ்த் திரைக்குத் தனி வரலாறு உண்டு. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த 'காலம் வெல்லும்' 1970-இல் வந்தது. 'ஜக்கம்மா', 'கங்கா' இரண்டும் 1972-இல் வந்தன. இவை காமிக்ஸிலிருந்து பிறந்தவை அல்ல. மேல்நாட்டு வெஸ்டர்ன் படங்களின் வழியில் வந்தவை. பார்த்தவர்களும் படித்தவர்களும் ஒரே தலைமுறைச் சிறுவர்கள் என்பதால் திரைக் குதிரையும் காமிக்ஸ் குதிரையும் அவர்கள் நினைவில் ஒன்றாகிப்போயின. அந்தக் கலவையை அப்படியே திரும்பத் திரைக்குக் கொண்டுவந்தவர், ஆனந்த விகடனில் கார்ட்டூனிஸ்டாக இருந்த சிம்புதேவன். 2010-இல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டுச்சிங்கம்' படத்தின் பெயரே ஒரு லயன் காமிக்ஸ் அட்டையில் இருந்திருக்கலாம். கதை நடக்கும் ஊரின் பெயர் ஜெய்சங்கர்புரம். தழுவல் என்று போட்டுக்கொள்ளாத இந்தப் படத்தில்தான் தமிழ்க் காமிக்ஸின் வாசனை அதிகம்.

இதற்கெல்லாம் முன்பே ஒரு வீட்டில் சித்திரமும் சினிமாவும் ஒன்றாக வளர்ந்தன. 1947 ஜூலையில் 'அம்புலிமாமா'வைத் தொடங்கிய நாகிரெட்டி, சக்ரபாணி இருவரும்தான் விஜயா நிறுவனத்தின் பெயரில் 'பாதாள பைரவி' (1951), 'மாயாபஜார்' (1957) படங்களைத் தயாரித்தார்கள். அம்புலிமாமா காமிக்ஸ் அல்ல, படமுள்ள கதைப் பத்திரிகை. இருந்தாலும் மந்திரவாதியும் ராஜகுமாரனும் பூதமும் நடமாடும் உலகம் இரண்டுக்கும் பொது. 'மாயாபஜா'ரில் கடோத்கஜன் கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகக் காலி செய்யும் காட்சியைப் பார்த்தால் இது விளங்கும். எஸ். வி. ரங்காராவ் உட்கார்ந்திருக்க, லட்டுகள் தாமாகவே எழுந்து வாய்க்குள் பறக்கின்றன. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் தந்திரம் அது. காட்சியின் அமைப்போ குழந்தைப் பத்திரிகையின் படப் பக்கத்துக்கே உரியது: நடுவில் பேருருவம், சுற்றிலும் பாத்திரங்கள், ஒவ்வொன்றாக நடக்கும் அதிசயம்.

வார இதழ்த் தொடர்கதைகளிலும் ஓவியர்தான் முதல் இயக்குநர். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' ஆனந்த விகடனில் வந்தபோது கோபுலு வரைந்த நாதஸ்வரக்காரரும் நாட்டியக்காரியும் வாசகர் மனத்தில் பதிந்துபோயிருந்தார்கள். 1968-இல் ஏ. பி. நாகராஜன் படத்தில் சிவாஜியும் பத்மினியும் நிற்க வேண்டியிருந்தது அந்தக் கோட்டோவியங்களின் பக்கத்தில். 'பொன்னியின் செல்வ'னுக்கு 1950 முதல் 'கல்கி'யில் மணியம் கொடுத்த முகங்கள், 2022-இல் மணிரத்னம் படம் வந்தபோதும் ஒப்பிட்டுப் பேசப்பட்டன. தமிழில் படக்கதையிலிருந்து நேரே திரைக்குப் போன கதை அரிது; ஓவியனின் கண்தான் போயிருக்கிறது. அதை டைட்டில் கார்டில் யாரும் போடுவதில்லை, அதனாலேயே இந்தக் கடன் கணக்கில் ஏறாமல் கிடக்கிறது.

சொந்தச் சரக்கு இல்லாமலும் இல்லை. தினத்தந்தியின் 'கன்னித்தீவு' படக்கதை அறுபது ஆண்டுகளைத் தாண்டி நாள்தோறும் வருகிறது. தியேட்டருக்குப் பஸ் ஏறிப் போக வேண்டிய மயிலாடும்பாறை போன்ற வருசநாட்டு மலையடிவார ஊர்களிலும் டீக்கடை பெஞ்சுக்கு அதன் நாயகன் சிந்துபாத் வந்துவிடுவான். பேப்பரின் மற்றத் தாள்கள் நான்கு கைகளில் பிரிந்து கிடக்க, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரும் அந்தச் சில கட்டங்களை விடமாட்டார். இழுத்துக்கொண்டே போகும் எதையும் 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்வது பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. அந்த முடிவின்மைதான் திரைக்கும் அதற்கும் உள்ள தூரம். சினிமா இரண்டரை மணி நேரத்தில் வணக்கம் போட்டாக வேண்டும். தினசரிப் படக்கதையோ இன்றைய ஆபத்தை நாளைக்கு ஒத்திப்போட்டே உயிர்வாழ்கிறது.

அந்தத் தினசரிக் கட்டத்தையே கதையின் உள்ளே வைத்த படம் 2023 ஜூலையில் வந்த 'மாவீரன்'. மடோன் அஸ்வின் இயக்கிய இதில் சிவகார்த்திகேயன் பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவர். பயந்த சுபாவக்காரர், வரைவது அஞ்சாத வீரனை. ஒரு கட்டத்தில் அவர் காதில் மட்டும் விஜய் சேதுபதியின் குரல் கேட்கத் தொடங்குகிறது. அவர் செய்யப்போவதை அவர் செய்வதற்கு முன்பே அது சொல்லிவிடுகிறது. காமிக்ஸில் படத்துக்கு மேலே சின்னப் பெட்டிக்குள் அச்சாகும் வர்ணனை வரிதான் அந்தக் குரல். வாசகன் மட்டும் படிக்கிற அந்த வரியைப் பாத்திரமே கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் படத்தின் விசை. எந்தப் புத்தகத்தையும் தழுவாமல், காமிக்ஸ் சொல்லும் முறையையே அது எடுத்துக்கொண்டது.