இடைவெளி 24

ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலியில் ஒரு கார்டு. முனை மழுங்கிய செவ்வகம், மேலே படம், கீழே இரண்டு வரி எழுத்து, ஓரத்தில் சின்னதாக ஒரு பட்டன். "இதே மாதிரி வலப்பக்கம் இன்னும் ஐந்து வை, இடைவெளி 24" என்று ஏஐ ஏஜென்ட்டிடம் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தனிச் சுகம். ஏஜென்ட் கார்டைப் பார்த்து மறுபடி வரைவதில்லை. கார்டின் அடையாள எண்ணைக் கண்டுபிடித்து, எம்சிபி என்ற இணைப்பு நெறிமுறை வழியாக நகல் கட்டளையை அனுப்பி, எந்த இடம் என்பதையும் சொல்லிவிடுகிறது. பந்தியில் போடுகிற இலைகள் மாதிரி, நகல்கள் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக வந்து அமர்கின்றன.

எனக்குப் பிடித்தது நகலின் உள்ளே இருப்பதுதான். லேயரைத் திறந்தால் நிழலின் மென்மை, வரிகளுக்கு நடுவே விட்ட காற்று, யாரோ வெகுநேரம் யோசித்துத் தேர்ந்த சாம்பல் நிறம், எல்லாம் சிந்தாமல் வந்திருக்கும். கம்போனென்ட்டிலிருந்து பிறந்த கார்டு என்றால் நகலும் அதே மூலத்தோடு ஒட்டியே இருக்கும். அங்கே பட்டனைப் பச்சையாக்கினால் ஆறும் பச்சையாகும். ஆல்ட்டை அழுத்தி மவுஸால் இழுத்து நகலெடுப்பதிலும் ருசி உண்டு, அதை நான் விடப்போவதில்லை. ஆனால் அறுபது பெட்டி வேண்டும்போது என் விரல் அலுத்துக்கொள்ளும்; ஏஜென்ட்டுக்கு அலுப்பில்லை. அப்புறம், மூன்றாவது கார்டில், நகலோடு வந்த 'ஊட்டி'யை அழித்து 'திருவல்லிக்கேணி' என்று எழுதியதும் வரி பிதுங்கும். அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்கிற வேலையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.