மலேரியா வரலாற்றெழுத்து: புத்தளக் கரையிலிருந்து ஒரு விமர்சன நோக்கு

இலங்கையின் நோய் வரலாறு பற்றி எழுதப்பட்டவற்றுள் மலேரியா பற்றியனவே மிகுதி. அரசாங்க அறிக்கைகள், குடித்தொகையியல் ஆய்வுகள், இடதுசாரி இயக்க வரலாறுகள் என அவை பல திறத்தன. இவற்றின் தகவற் பெறுமதி ஐயத்திற்கிடமற்றது. எனினும் அவை எவரது நோக்கிலிருந்து எழுதப்பட்டன, எதனைக் கூறாது விட்டன என்ற வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. புத்தள மாவட்டக் கரையோரத்தை உரைகல்லாகக் கொண்டு அவ்வெழுத்துக்களை மதிப்பிடுவதே இக்கட்டுரையில் எமது நோக்கமாகும்.

இக்கரையைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. மாவட்டத்தின் வடபால் கலா ஓயா, மீ ஓயா ஆகியவற்றை அடுத்த நிலம் வறள்வலயத்தைச் சேர்ந்தது. தென்பால் தெதுறு ஓயா கடலொடு கலக்கும் சிலாபத்திலிருந்து மகா ஓயா வரையுள்ள தென்னை நிலம் அதனிலும் ஈரப்பாங்கானது. முன்னையதில் மலேரியா ஆண்டுதோறும் வந்துபோகும் வழமையான நோய். பின்னையதில் மழை பொய்த்த ஆண்டுகளிற் கொள்ளைநோயாகப் பாய்வது. நோயின் இருவேறு இயல்புகளை ஒரே கரையிற் காணும் வாய்ப்பு இங்குண்டு.

மலேரியா பற்றிய முதலாவது பெருங்கதை பழைமை பற்றியது. இராஜரட்டையின் நகரங்கள் கைவிடப்பட்டமைக்கு மலேரியாவே காரணம் என லூசியஸ் நிக்கல்ஸ் 1921இல் எழுதினார். பின்னர் 1957இல் ரோட்ஸ் மர்பி பல காரணங்களையும் ஒருங்கே பரிசீலித்தார். கா. இந்திரபாலா பதிப்பித்து 1971இல் பேராதனையில் வெளிவந்த ஆங்கிலத் தொகுதி இவ்விவாதத்தை மேலும் விரித்தது. நிக்கல்சின் விளக்கத்திலுள்ள அடிப்படைக் குறை, நோயைச் சமூகத்திற்குப் புறம்பான இயற்கைச் சக்தியாகக் கொண்டமையாகும். குளங்களைப் பேணும் அமைப்பு சிதைந்தபின் தேங்கிய நீரில் நுளம்பு பெருகியதா, நுளம்பு பெருகியதால் அமைப்புச் சிதைந்ததா என்ற வினாவை அது எதிர்கொள்ளவில்லை. நோயைக் காரணமாக மட்டும் கண்டு விளைவாகக் காணாத இப்போக்கு அவருடன் முடிந்துவிடவில்லை.

1934–35ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் இதற்குத் தக்க சான்று. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் மணற்படுகையில் வெயில் படும் தெளிந்த குட்டைகளாயின. அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு பெருகுவதற்கு அக்குட்டைகளே ஏற்ற இடம். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1935இல் பிரியர்கிளிவ், கில் ஆகியோர் அளித்த அறிக்கைகள் மழை, ஆறு, நுளம்பு, எதிர்ப்புச்சக்தி ஆகியவற்றின் தொடர்பை விளக்கின. காய்ச்சல் வழமையாயிருந்த பகுதிகளிலும் பார்க்க, அது அரிதாயிருந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலேயே அழிவு பெரிதாயிருந்தமை தெளிவாயிற்று.

ஆயின் அவ்வாண்டுகளை நுளம்பின் வரலாறாக மட்டும் படிக்கலாமா? 1929இன் பின் எழுந்த உலகப் பொருளாதார மந்தத்தால் தேங்காய், கொப்பரா விலைகள் வீழ்ந்திருந்தன. சிலாபத்தையும் குருநாகலையும் உள்ளடக்கிய தென்னை முக்கோணத்திற் கூலியையே நம்பியிருந்தோர் காய்ச்சலுக்கு முன்னரே பசியிற் கிடந்தனர். வறட்சி நெல்லையும் அழித்தது. ஒரே நுளம்பு கடித்தாலும், உண்டவனும் உண்ணாதவனும் ஒரே வகையில் நோயைத் தாங்குவதில்லை. அன்றைய விலையையும் கூலியையும் மரணப் பதிவுகளுடன் ஒருசேர வைத்து இக்கரைக்கெனத் தனியாக நோக்குதல் வேண்டும்.

முற்போக்கு எழுத்தும் இக்குறையினின்று முற்றாக விடுபடவில்லை. சூரியமல் இயக்கத்தினர் கேகாலைப் பகுதியிற் கஞ்சியும் மருந்தும் கொண்டு சென்றமை, 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியமை ஆகியன அவ்வெழுத்தின் மையமாயின. இவை போற்றத்தக்கனவே. ஆனால் அதில் நோயாளி, தலைவர்களின் வரலாற்றுக்குப் பின்னணியாகவே நிற்கிறார். தென்னந்தோட்டக் கூலியாளும், களப்பில் மீன்பிடித்தவரும், உப்பளத்தில் உழைத்தவரும் பேசும் இடம் அங்கும் இல்லை.

இரண்டாவது பெருங்கதை டி.டி.ரி.யின் வெற்றி பற்றியது. 1946இல் ஆயிரத்திற்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இலங்கையின் இறப்பு வீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. வீடுகளில் டி.டி.ரி. தெளிக்கப்பட்ட காலமும் அதுவே. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையால் ஒன்றே மற்றதற்குக் காரணம் எனக் கொள்ளப்பட்டது. மலேரியா குறைந்த பகுதிகளிலும் இறப்பு வீதம் வீழ்ந்தமையைப் பிரெடெறிக்சன் சுட்டினார். போருக்குப் பிந்திய வீழ்ச்சியில் நூற்றுக்கு 42 பங்கு மலேரியாக் கட்டுப்பாட்டால் நேர்ந்தது என்பது நியூமனின் கணிப்பு; 1974இல் கிரே அதனை 23 பங்காகக் குறைத்தார். எஸ். ஏ. மீகமவும் 1967இல் இவ்விவாதத்திற் பங்குகொண்டார்.

இவ்விவாதம் வெறும் எண் பற்றிய பூசலன்று. தெளிமருந்து ஒன்றே மக்களைக் காத்ததெனின், வறிய நாட்டுக்கு வேண்டியது மருந்துக் கலன்களே. கிராமிய வைத்தியசாலையும் மருத்துவிச்சியும் பங்கீட்டு அரிசியும் பாடசாலையும் சேர்ந்து காத்தனவெனின், அவற்றைக் குறைக்கும் எவ்வரசும் உயிர்களைக் குறைக்கின்றது. 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை, நோயாளியைப் பிரதிநிதிகள் அஞ்சவேண்டிய வாக்காளராக்கியது என்பதையும் இங்கு சேர்த்தெண்ணல் வேண்டும். நாம் இரண்டாவது விளக்கத்தையே ஏற்கின்றோம். எனினும் டி.டி.ரி.யின் பங்கை மறுப்பது மறுபக்கத் தவறாகும். கிரேயின் 23 பங்கும் சிறிதன்று.

பின்னைய நிகழ்ச்சிகள் எமது முடிபை வலியுறுத்துகின்றன. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். கண்காணிப்புத் தளர்ந்தது. 1968–69இல் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோரை நோய் மீண்டும் பற்றியது. நுளம்பு டி.டி.ரி.யை எதிர்க்கும் வலுப்பெற்றதால் 1977இல் மலத்தியோன் பயன்பாட்டுக்கு வந்தது. 1999இலும் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட நோயாளர் பதிவாயினர். மருந்து மாறியது, நோய் மாறவில்லை. வீடு வீடாகத் தேடல், குருதிச் சோதனை, உடன் சிகிச்சை என்பன இடைவிடாது நடந்தபின்னரே 2012 ஒக்டோபரில் உள்நாட்டிற் பரவிய இறுதி நோயாளர் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உறுதிசெய்தது. அதே ஆண்டில் யானைக்கால் நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையினின்று நீங்கியதாக ஏற்கப்பட்டது. அந்நோய் நிலவிய எட்டு மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று.

வெற்றிக் கணக்குகள் காணத் தவறும் மனிதர் இக்கரையில் உளர். சுவரில் தெளிக்கும் மருந்து, சுவருள்ள வீட்டையும் அதனுள் உறங்குவோரையும் முன்னனுமானிக்கின்றது. பருவந்தோறும் வாடி அமைத்துக் கரையில் உறங்கும் மீனவருக்கு அது எவ்வளவு பயன்பட்டது? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலார் இம்மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த அவர்களது நலவாழ்வு, எவ்வரலாற்றின் எவ்வதிகாரத்தில் இடம்பெறும்?

ஒரு நோய் நீங்கியதோடு நோய் வரலாறு முடிவதுமில்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் மணல்நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் விளைவிக்க இடப்பட்ட உரம், ஆழமற்ற கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்ந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவு மிகுந்த நைத்திரேற்று, கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குன்றச் செய்வது. கொதிக்கவைத்துக் குடித்தல் என்னும் நல்வழக்கம் கிருமியைக் கொல்லும்; நைத்திரேற்றை நீக்காது. ஆகவே 'சுகாதாரப் பழக்கம்' என்று தனிமனிதருக்குப் போதிப்பதோடு கடமை தீர்ந்ததாகாது. கிணற்றுநீர் கமத்தொழிலோடும், கமத்தொழில் சந்தையோடும் பிணைந்துள்ளது.

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) 1834இல் இலங்கையின் இடங்களை அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். தமிழ்ப் புலவர் வரலாறு எழுதியவராகவே அவரைப் பெரிதும் நினைவுகூர்கின்றோம். தன் ஊரை ஆராயத்தக்க பொருளாகக் கொண்ட அவரது மனப்பாங்கே இன்று எமக்கு வேண்டுவது. வைத்தியசாலைப் பதிவேடுகளையும், காய்ச்சலை நினைவில் வைத்திருக்கும் முதியோரின் வாய்மொழியையும் ஒருங்கே கொண்டு இக்கரையின் நோய் வரலாறு தமிழில் எழுதப்படல் வேண்டும். 1934–35ஐ நேரிற் கண்டோர் இன்று மிகச் சிலரே. 1968–69ஐக் கண்டோரும் முதுமையடைந்து வருகின்றனர். இப்பணி தாழ்த்தற்குரியதன்று.