புளிபோட்டுத் துலக்குதல்: ஒரு மதிப்பீடு

கார்த்திகையோ பொங்கலோ நெருங்கினால் காவிரிப் பாசன ஊர்களில் பரணிலிருந்து பித்தளை இறங்கிவிடும். குத்துவிளக்கு, குடம், அண்டா, சொம்பு, தாம்பாளம், பூஜை மணி எல்லாம் கொல்லைப்புறக் குழாயடிக்கு வந்து சேரும். பழம்புளி, சாம்பல் அல்லது செங்கல்பொடி, தேங்காய்நார். இவ்வளவுதான் முதலீடு. நாச்சியார்கோயில் விளக்கும் கும்பகோணத்துப் பாத்திரமும் இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு என்பதால், இது வட்டாரத்தின் பொதுப் பழக்கம் என்றே சொல்லலாம். இதைப் பாட்டி வைத்தியம் போலப் போற்றுகிறவர்கள் ஒரு பக்கம். கடையில் விற்கும் திரவம் நாலு சொட்டு போதும் என்று ஒதுக்குகிறவர்கள் மறுபக்கம். இரு தரப்பும் பளபளப்பை வைத்தே வாதிடுகின்றன. அந்த அளவுகோலே தவறு என்பது என் கருத்து.

முதலில் புளியின் பலத்தைப் பார்ப்போம். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் சாதாரணமானதல்ல. பழங்களில் இந்த அமிலம் இவ்வளவு செறிவாக இருப்பது அரிது. பித்தளைமேல் படியும் கறுப்பு, பச்சைப் படலங்கள் செம்பின் ஆக்சைடும் கார்பனேட்டும்தான். டார்டாரிக் அமிலம் அவற்றைக் கரைப்பதோடு, கரைந்த செம்பைப் பிடித்து நீரிலேயே வைத்துக்கொள்ளும். அடியிலுள்ள உலோகத்தை அது சட்டென்று தின்பதில்லை. பட்டறையில் ஆசிட்டில் முக்கி எடுப்பதோடு ஒப்பிட்டால் புளி பொறுமைசாலி. புகை கிடையாது, கழுவிய நீரை எங்கே கொட்டுவது என்ற பெரிய கவலையும் கிடையாது. சாம்பலும் வெறும் தேய்பொருள் அல்ல. அதிலுள்ள காரம் எண்ணெயை வெட்டும். முதலில் சாம்பலால் பிசுக்கை எடுத்துவிட்டு, பிறகு புளி போடும் வீடுகளில் வேலை பாதியாகக் குறைவதற்குக் காரணம் இதுதான். எண்ணெய்ப் படலம் இருந்தால் புளிக்கரைசல் உலோகத்தைத் தொடவே முடியாது.

இதை ஒரு விளக்கைக் கழற்றிப் பார்த்தால் நன்றாக விளங்கும். நாச்சியார்கோயில் விளக்கு உச்சி, தகழி, தண்டு, பாதம் என்று மரை வைத்துப் பூட்டப்பட்டது. மரையைத் திருகிக் கழற்றினால், வெளியே எவ்வளவு மின்னினாலும், உள்ளே பசைபோலப் பச்சைக் களிம்பு இருக்கும். நல்லெண்ணெய் நாள்பட்டுக் காறும்போது விடுபடும் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாக்கிய சோப்பு அது. திரி எரியும் முனையில் கரி வேறு. பெரும்பாலான வீடுகளில் கை போகும் இடம் மட்டும் தேய்க்கப்படுகிறது. மரை அப்படியே விடப்படுகிறது. தேய்மானம் முழுவதும் வெளிப்புறத்துக்கு, அரிப்பு முழுவதும் உட்புறத்துக்கு. பளபளப்பை அளவுகோலாக வைத்துக்கொண்டதன் முதல் விளைவு இது.

பித்தளையைச் சுத்தம் செய்வதைப் பற்றி மிகக் கறாராக யோசிக்கிறவர்கள், சற்று எதிர்பாராத ஓர் இடத்தில் இருக்கிறார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்கள், சுட்ட தோட்டாவின் பித்தளை உறையைப் பொறுக்கி, சுத்தம் செய்து, மறுபடி மருந்தும் குண்டும் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும்; போலீஸ் சுடுபயிற்சியில் காலி உறைகளைக்கூட எண்ணித்தான் ஒப்படைப்பார்கள். ஆகவே அது நமக்குப் பழக்கமான பொழுதுபோக்கு அல்ல. ஆனால் அவர்கள் கையாளும் உலோகம் நம் வீட்டு உலோகத்தின் உறவுதான்: 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம்.

அவர்கள் முதலில் அக்ரூட் கொட்டை ஓட்டுத் துருவலிலோ சோளத்தக்கைப் பொடியிலோ உறைகளைப் போட்டு உருட்டுகிறார்கள். அல்லது சன்னமான எஃகு ஊசிகளோடு, துளி சிட்ரிக் அமிலம் கலந்த நீரில் சுழற்றுகிறார்கள். எதற்காக? ஒட்டியிருக்கும் மணல், உறையைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சைக் கீறக்கூடாது. கழுத்தில் விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியவேண்டும். அடிப்பக்கம் மெலிந்திருந்தால் அதன் அடையாளமான வளையம் புலப்படவேண்டும். பழுது தெரிவதற்காகத்தான் சுத்தம். மின்னுவது உபரி. அமிலத்தில் அதிக நேரம் கிடந்த உறை இளஞ்சிவப்பாக மாறினால் கவலைப்படுகிறார்கள், ஏனென்றால் துத்தநாகம் வெளியேறிச் செம்பு மிஞ்சியதன் அறிகுறியாக அது இருக்கலாம். அமோனியா கலந்த பாலிஷைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள்.

அமோனியா மீதான இந்த அச்சத்தின் வேர் இந்தியாவில் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கே படைகளுக்காகச் சேமித்து வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள், மழைக்காலத்தில் யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களை ஒட்டிய கிடங்குகளில் இந்தத் தொல்லை. காரணம் நெடுநாள் பிடிபடவில்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் அதை விளக்கினார்கள். தகட்டைக் குளிர்நிலையில் இழுத்து உறையாக்கும்போது உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து அந்த இறுக்கமான இடத்தைப் பிளக்கிறது. உறையை மிதமாகச் சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்தியதும் பிரச்சினை அடங்கியது.

இந்தக் கதை டெல்டாவுக்கு நேரடியாகப் பொருந்தும். தட்டி உருவாக்கிய குடத்திலும் அண்டாவிலும் அதே உள்ளிறுக்கம் இருக்கலாம். மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையிலோ, சம்பா நடவுக்கு வாங்கிய யூரியா மூட்டைகளோடு ஒரே மூலையிலோ பித்தளையை அடுக்கி வைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. ஐப்பசி மழை வந்தால் உள்ளிறுக்கம், அமோனியா, ஈரம் என்ற மூன்று காரணங்களும் ஒரே அறையில் கூடிவிட்டன. எவ்வளவு துலக்கினாலும் இந்த விரிசலைத் தடுக்க முடியாது. வைக்கும் இடத்தை மாற்றுவதுதான் மருந்து.

இனி, பழக்கத்தின் குறைகள். முதலாவது, உப்பு. புளியோடு கல்லுப்பு சேர்த்தால் கறை வேகமாகப் போகும், உண்மை. ஆனால் குளோரைடு உலோகத்தின் நுண்துளைகளில் தங்கினால், சில நாளில் பச்சைப் புள்ளிகளாக மறுபடி கிளம்பும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே உப்பைக் கொண்டுவருகிறது. அங்கே புளியில் உப்புச் சேர்ப்பது நோயை வலிய அழைப்பதாகும். இரண்டாவது, ஊறவைத்தல். இரவு முழுக்கப் புளிக்கரைசலில் கிடந்த சொம்பு காலையில் சிவந்து தெரிவதைப் பலர் ‘நல்லா வெளுத்திருக்கு’ என்று மெச்சுகிறார்கள். தோட்டா உறைக்காரர்கள் அஞ்சும் அதே சிவப்பு அது.

மூன்றாவது, தேய்பொருள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் பித்தளை சுமார் 3. மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. செங்கல்பொடியிலும் ஆற்றுமணலிலும் அது தாராளமாக உண்டு. நெல் விளையும் ஊர்க்காரர்களான நமக்கு எளிதில் கிடைக்கும் உமிச்சாம்பலும் பெரும்பகுதி சிலிக்காதான். சன்னமானது என்பதால் கீறல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தேய்மானம் உண்டு. உலர்ந்த பொடியாக அதை அள்ளித் தேய்க்கும்போது தூசி நுரையீரலுக்குள் போகிறது என்பதையும் மறக்கலாகாது. நான்காவது, உழைப்பு. அமிலமும் சாம்பலும் மாறிமாறிப் பட்டு வெடித்த விரல்கள், அநேகமாக எப்போதும், வீட்டுப் பெண்களுடையவை அல்லது வேலைக்கு வரும் அம்மாக்களுடையவை. பாரம்பரியம் என்று பெருமைப்படும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுதவேண்டும்.

வீட்டுச் சொம்பு தேய்ந்தால் வேறு வாங்கலாம். கோயில் திருமேனிக்கு அது பொருந்தாது. உற்சவர்கள் பித்தளை அல்ல. செம்பு மிகுந்த வார்ப்புகள். பாலும் பஞ்சாமிர்தமும் இளநீரும் அபிஷேகமாகி, பின்பு புளியும் விபூதியும் இட்டுத் துடைக்கும் வழக்கம் நூற்றாண்டுக் கணக்கில் தொடர்ந்ததில், பழைய திருமேனிகள் பலவற்றில் மூக்கும் இதழும் மழுங்கிவிட்டன. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரைப் பாருங்கள். கல்வெட்டுப்படி 1011ஆம் ஆண்டுப் படைப்பு. பாம்புகளோடு சுற்றிய சடைமுடியின் ஒவ்வொரு புரியும் இன்றும் துல்லியம். நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்ததால், தேய்க்கும் கைகளிடமிருந்து தப்பியவர் அவர். மண் செய்யாத சேதத்தைப் பக்தியோடு செய்த துலக்கல் செய்திருக்கிறது என்பது கசப்பான முடிவு. ஆனால் கண்ணெதிரே இருக்கும் சான்று.

அதற்காக வழிபாட்டில் உள்ள திருமேனியை அருங்காட்சியகப் பொருளாக மாற்றச் சொல்வது நியாயம் அல்ல. அபிஷேகம் தொடரட்டும். முடிந்தவுடன் நல்ல நீரில் முழுக்கக் கழுவி, மென்துணியால் ஈரமில்லாமல் ஒற்றி எடுப்பதே போதும், தேய்ப்பது தேவையில்லை. பச்சைப் பொடி உதிரும் திருமேனியை யாரும் புளியால் குணப்படுத்தப் பார்க்கக்கூடாது. அது குளோரைடு நோய், வல்லுநர் வேலை. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930களிலேயே எஸ். பரமசிவன் வேதியியல் பாதுகாப்புக்கூடம் நடத்தி, மின்பகுப்பு முறையில் வெண்கலங்களுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறார். அந்த அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. டெல்டாக் கோயில்கள் வரைக்கும் அது வந்து சேரவில்லை என்பதே குறை.

மொத்தத்தில் என் தீர்ப்பு இது. புளி நல்ல பொருள். கடைத் திரவங்களுக்காக அதைக் கைவிடவேண்டிய அவசியமில்லை. கைவிடவேண்டியது உப்பும், செங்கல்பொடியும், இரவு முழுக்க ஊறவைக்கும் வழக்கமும். வெந்நீரும் சீயக்காயும் கொண்டு முதலில் எண்ணெயை எடுங்கள். மரையைக் கழற்றுங்கள். சில நிமிடம் மட்டும் புளிக்கரைசலைத் தடவி, தேங்காய்நாரால் மெல்லத் துடைத்து, இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்து, உரமூட்டை இல்லாத அறையில் வையுங்கள். லேசான மங்கல் மிஞ்சினால் இருக்கட்டும். அந்த மெல்லிய படலம் உலோகத்துக்குக் காவல். அடுத்த கார்த்திகைக்கு விளக்கை இறக்கும்போது எவ்வளவு மின்னுகிறது என்று பார்ப்பதற்கு முன், மரைக்குள் களிம்பு இருக்கிறதா, தண்டில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.