கண்மாய்க் கரை

1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கா வேலையற்றவர்களைக் கொண்டு கட்டிய பாலங்களில் பெயர்ப்பலகை உண்டு. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வெட்டிய சென்னைக் கால்வாய்க்குப் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கிடைத்தது. சாத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. 2008இல் விருதுநகர் மாவட்டத்துக்கு வந்த நூறு நாள் வேலையில், மம்பட்டியும் சட்டியுமாகப் பெரும்பாலும் பெண்களே மண் சுமந்தார்கள். அவர்கள் ஒதுக்கிச் சீராக்கிய சரிவு, பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கைவினைதான்.

மரத்தடியில் உட்கார்ந்தே கூலி வாங்குகிறார்கள் என்பது வழக்கமான ஏச்சு. மண்வாரியில் சாய்ந்து நிற்பவர்கள் என்று அமெரிக்காவிலும் கேலி செய்தார்கள். பொக்லைன் இந்த மண்வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும், உண்மை. ஆனால் கூலி உழைப்பவர் கைக்குப் போவதற்காகவே நூறு நாள் வேலைச் சட்டம் ஒப்பந்தக்காரரை விலக்கியது; பட்டாசு மருந்தை நம்பியிருக்கும் ஊரில் அந்த மாற்று சின்ன விஷயமல்ல. போட்ட மண் நிற்பதில்லை என்பது இன்னும் வலுவான குறை. கரிசல் வெயிலில் வெடிக்கும், மழையில் கரையும். ஆகவே கரையை ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும், வீட்டுக்கூரையைப் போல. என் குறை வேறு: கரையை உயர்த்திவிட்டு மடையையும் கலுங்கையும் பழுதாகவே விட்டால், தண்ணீர் அந்த ஓட்டை வழியே போய்விடும்.