சுழியத்திலிருந்து எண்ணும் உரிமை

1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தகத் தொழிற்பேட்டை எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐபிஎம் தன் பெருங்கணினிகளுக்கான விஎம்/370 இயங்குதளத்தை அறிவித்தது. மலைக்கு இந்தப் பக்கம் பாலிக் புலாவில் இருந்துகொண்டு, ஹெர்குலிஸ் என்னும் இலவச மென்பொருளின் உதவியால் அதை என் சிறு கணினியில் ஓட்டிப் பார்க்கிறேன். என்னை மயக்கியது அதன் மினிடிஸ்க்.

அந்தக் காலத்து ஐபிஎம் 3330 வட்டு ஒன்றில் 404 சிலிண்டர்கள். கொள்ளளவு சுமார் 10 கோடி பைட். ஒருவருக்கு அதில் 101ஆம் சிலிண்டர் முதல் பத்துச் சிலிண்டர்களை ஒதுக்கினால், அவர் கண்ணுக்கு அது சுழியத்தில் தொடங்கி ஒன்பதில் முடியும் தனி வட்டு; அதுவே மினிடிஸ்க். அவர் சுழியத்தைக் கேட்கும்போது, சிபி என்னும் கட்டுப்பாட்டு நிரல் 101ஐக் கூட்டி உண்மையான இடத்துக்கு அனுப்பும். 10 என்ற எண்ணைக் கேட்டால் மறுத்துவிடும். இங்கே டுரியான் தோட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் தத்தம் எல்லைக்கல்லிலிருந்து மரம் எண்ணுவதைப் போலத்தான். இத்தனை பெரிய தோற்றத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு கூட்டல் கணக்கும் ஓர் எல்லைச் சோதனையும்தான். இந்தச் சிக்கனத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத் தீரவில்லை.

இந்தச் சிந்தனை அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில், ராபர்ட் கிரீசி தலைமையிலான ஐபிஎம் குழுவிடம் 1960களிலேயே பிறந்துவிட்டது. 1973இல் நம் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்தது. விஎம்முக்குத் தேவையான முகவரி மாற்று வன்பொருள் அந்த மாடலில் முதலில் கிடையாது. பின்னால் தனியாகச் சேர்க்க வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிறு ஏக்கம்.

பங்கீட்டைவிட நுட்பமானது, பகிர்வு. அடுத்தவர் வட்டைப் பார்க்க இரண்டு படிகள். முதலில் லிங்க்: இது சிபியிடம் அனுமதி பெறுவது. பிறகு அக்சஸ்: இது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓடும் சிஎம்எஸ் என்னும் சிறு இயங்குதளத்திடம் ‘இந்த வட்டை பி என்ற எழுத்தில் வைத்துக்கொள்’ என்பது. உரிமை வேறு, பார்வை வேறு. அடைவுக்குள் அடைவு என்ற அடுக்கே இல்லை. கோப்பைத் தேடும் வரிசையை எழுத்துகளே முடிவு செய்கின்றன. சொந்த வட்டு 191 என்ற முகவரியில், ஏ என்ற எழுத்தில். இயங்குதளத்தின் கோப்புகள் 190இல், எஸ் என்ற எழுத்தில்.

இதில் எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் ஒன்று. பொது வட்டு ஒன்றை ஏ வட்டின் நீட்சியாக, படிக்க மட்டும் இணைத்துக்கொள்ளலாம். அதிலுள்ள கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்தால், திருத்தப்பட்ட படி உங்கள் ஏ வட்டில் போய் அமரும். மூலம் அப்படியே இருக்கும். அடுத்த முறை தேடும்போது உங்கள் படிதான் முதலில் கிடைக்கும். மூலத்தைத் தொடாமலே அதைத் தனக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்ளும் வழி இதைவிட நாகரிகமாக இருக்க முடியுமா?

ஆபத்தும் உண்டு. லிங்க் கட்டளையில் எம்டபிள்யூ என்று கேட்டால், வேறொருவர் எழுதிக்கொண்டிருந்தாலும் உங்களுக்கும் எழுத அனுமதி கிடைக்கும். ஆனால் கோப்புப் பட்டியலை ஒவ்வொருவரின் சிஎம்எஸ்ஸும் தன் நினைவகத்தில் தனியாக வைத்திருக்கிறது. கடைசியாக எழுதியவரின் பட்டியல் மற்றவருடையதை அழித்துவிடும்; வட்டே குலைந்துபோகும். சிபி சிலிண்டரை அறியும், கோப்பை அறியாது. படிக்க மட்டும் இணைந்தவரும், உரிமையாளர் மாற்றம் செய்தபின் மறுபடி அக்சஸ் செய்யாவிட்டால் பழைய பட்டியலையே நம்பிக்கொண்டிருப்பார். இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கோ, இரண்டு அடுக்குகளும் தத்தம் வேலையோடு நின்றுகொள்வதால் வந்த நேர்மையான விலை என்றே படுகிறது.

1988இல் பகிர்வுக் கோப்பு முறை வந்து, அடைவுகளும் கோப்புவாரி அனுமதியும் கிடைத்தன. அப்படியும் இன்றைய இசட்/விஎம் வரை மினிடிஸ்க் நிலைத்திருக்கிறது. 191 என்ற முகவரியும் மாறவில்லை. ஹெர்குலிஸில் முயல்பவர்கள் சிஎம்எஸ்ஸில் நுழைந்ததும் ‘குவெரி சர்ச்’ என்று தட்டுங்கள்: எந்த வட்டு, எந்த எழுத்து, எந்த வரிசை, எதில் எழுதலாம் என்பதெல்லாம் ஒரே திரையில் வந்து நிற்கும்.