உளவியல் முதற்பாடம்: கொண்டதும் விடுத்ததும்

ஆயர் பணிக்கு ஆயத்தமாகும் மாணவருள் பலர் உளவியலை முதன்முதலாகச் சந்திப்பது ஓர் அறிமுகப் பாடத்தின் வாயிலாகவே ஆகும். அதற்கு அப்பால் அத்துறையில் பயிலும் வாய்ப்பு அவருள் சிலர்க்கே கிட்டுகின்றது. ஆகவே, அப்பாடநூலின் பொருளடக்கமே மனித உள்ளத்தின் முழு வரைபடம் என்று அவர்கள் எண்ணிவிடுதல் இயல்பு. ஆனால் பொருளடக்கம் இயற்கை வகுத்த பிரிவன்று. நூலாசிரியரும் ஆசிரியர் குழுக்களும் செய்த தெரிவே அது. அத்தெரிவில் இடம் பெற்றது எது, இடம் இழந்தது எது, இடம் பெற்றவை எங்ஙனம் எடுத்துரைக்கப்படுகின்றன என்பனவற்றை இங்கு நோக்குவோம்.

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, 1890-இல் 'உளவியல் கோட்பாடுகள்' என்னும் நூலை இரு தொகுதிகளாக வெளியிட்டார். மாணவர்க்கென அதன் சுருக்கம் 1892-இல் வந்தது. பெருநூலின் 28 அதிகாரங்களுள் பழக்கம், நினைவோட்டம், தன்னுணர்வு, கவனம், சித்தம் ஆகியவை தனித்தனி அதிகாரங்களாக அமைந்தன. சித்தம் என்று நாம் குறிப்பது, ஒன்றைத் தெரிந்தெடுத்துத் துணியும் ஆற்றலை. அதனைப் பற்றிய அதிகாரம் அந்நூலின் நீண்ட அதிகாரங்களுள் ஒன்று.

இதனுடன் இக்காலப் பாடநூல் ஒன்றை ஒப்பிடுவோம். ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் 2014-இல் விலையின்றி வெளியிட்ட உளவியல் நூலில் 16 அதிகாரங்கள் உள்ளன. ஆய்வு முறை, மூளையும் நரம்பும், புலனுணர்வு, கற்றல், நினைவாற்றல், வாழ்நாள் வளர்ச்சி, ஆளுமை, சமூக உளவியல், தொழிலக உளவியல், மன அழுத்தம், உளநோய்கள், சிகிச்சை என அவை விரிகின்றன. சித்தத்திற்குத் தனி அதிகாரம் இல்லை. சமயத்திற்கும் இல்லை.

இவ்வேறுபாட்டை வீழ்ச்சி என்று மட்டும் கூறுவது நேர்மையாகாது. ஜேம்ஸின் பெருநூலில் குழந்தை வளர்ச்சிக்கோ, உளநோய்க்கோ, குழு வாழ்வுக்கோ தனி அதிகாரம் இல்லை. சமயத்தையும் அவர் அந்நூலில் தனியே ஆராயாது, 1902-இல் வெளிவந்த வேறொரு நூலுக்கே ஒதுக்கினார். மனச்சோர்வுற்ற ஒருவர் ஆயரின் வாயிற்படியில் வந்து நிற்கும்போது, அது நோயாயிருக்கக்கூடும் என்று உணர்ந்து மருத்துவரிடம் அனுப்பும் அறிவை இக்கால நூலே தருகின்றது. அது பெரும்பேறு.

எனினும் இக்காலப் பட்டியல் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிதல் வேண்டும். ஏறக்குறைய ஒவ்வோர் அதிகாரமும் ஓர் ஆய்வுக் கிளையின் பேராளனாகவே அமர்ந்திருக்கின்றது. அமெரிக்க உளவியல் சங்கம் சார்பில் 2014-இல் வகுக்கப்பட்ட திட்டமும் உயிரியல், அறிதிறன், வளர்ச்சி, சமூகமும் ஆளுமையும், உளநலமும் உடல்நலமும் என்னும் ஐந்து தூண்களை நிறுத்திற்று. கிளை உடையது இடம் பெறும். கிளை இல்லாத வினா, எத்துணை இன்றியமையாததாயினும், அதிகாரங்களின் இடையே சிதறிப்போகும். மனிதன் எவ்வாறு துணிகின்றான் என்னும் வினாவுக்கு நேர்ந்தது இதுவே. இதன் விளைவாக, செயல்கள் தன்னிடத்தில் நிகழப்பெறுபவனாகவே மனிதன் பாடநூலில் தோற்றமளிக்கின்றான்.

இத்தெரிவு எடுத்துக்காட்டுகளையும் ஆளுகின்றது. 1964 மார்ச் 13 அன்று நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்னும் இளம்பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். முப்பத்தெட்டுப் பேர் கண்டும் ஒருவரும் உதவவில்லை என்று ஒரு நாளிதழ் எழுதிற்று. அச்செய்தி சமூக உளவியல் அதிகாரத்தின் நிலையான கதையாயிற்று. 2007-இல் மேனிங், லெவின், காலின்ஸ் ஆகிய மூவர், முப்பத்தெட்டுச் சாட்சிகள் செயலற்று நோக்கியிருந்தனர் என்பதற்குச் சான்று இல்லை எனக் காட்டினர். அந்நாளிதழும் தன் பழைய செய்தி பிழையுடையது என 2016-இல் எழுதிற்று. உண்மையில் அண்டை வீட்டுப் பெண் ஒருவர் படியிறங்கி ஓடி, குருதியில் கிடந்தவரைத் தம் கைகளில் ஏந்தியிருந்தார். கூட்டம் பெருகுமிடத்தில் பொறுப்பு மங்கும் என்னும் கருத்துக்கு டார்லி, லத்தானே ஆகியோர் 1968-இல் வெளியிட்ட சோதனை தனிச் சான்றாக நிற்கின்றது; கதை வீழ்ந்தமையால் அது வீழவில்லை. ஆயினும் வராத முப்பத்தெட்டுப் பேரை மாணவர் தலைமுறைகள் மனப்பாடம் செய்தன. வந்த ஒருத்தியைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

நம் மாணவர்க்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. டார்லியும் பேட்சனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேர் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குப் பேசுவதற்காக அனுப்பப்பட்டனர். அவருள் ஒரு பகுதியினர் பேச வேண்டிய பொருள் நல்ல சமாரியன் உவமையே. வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சாய்ந்து கிடந்தார். விரைவு மிகுந்தோரில் 10 விழுக்காட்டினரும், நடுத்தர விரைவினரில் 45 விழுக்காட்டினரும், விரைவு குறைந்தோரில் 63 விழுக்காட்டினரும் உதவினர். நம்மை நாணச் செய்யும் முடிவு இது, நாணுதல் தகும். ஆனால் முதற்பாடங்களில் பெரிதும் ஒலிப்பது அந்தப் பத்து விழுக்காடே. விரைவு மிகுந்தோர் பத்துப் பேரே. அவருள் ஒருவர் உதவினார் என்பதே அவ்வெண்ணின் பொருள். அந்த ஒருவர் ஏன் நின்றார்? சூழ்நிலையை மட்டும் அளப்பவர்க்கு அவர் விதிவிலக்கு. ஆனால் சபையாரின் மனந்திரும்புதலைக் குறித்துப் பேச அழைக்கப்பட்டவர் அந்த ஒருவரை ஒதுக்கிச் செல்ல இயலாது.

ஆகவே உளவியலை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அதனிடத்தில் சமய அதிகாரம் ஒன்றை வேண்டி மன்றாடுதலும் நம் நோக்கமன்று. முதல் வகுப்பில் பாடநூலின் பொருளடக்கத்தையே பாடமாக நடத்துமாறு ஆசிரியரை வேண்டுகின்றோம். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே அதனை ஆய்வோர் யாவர், எம்முறையால் ஆய்கின்றனர் என்று மாணவர் எழுதட்டும். பின்னர், தாம் நோயாளியின் கட்டிலருகிலும் துக்க வீட்டிலும் கேட்ட வினாக்களுள் எவை அப்பட்டியலில் இல்லை என்றும் எழுதட்டும். அவ்விரண்டாம் பட்டியலே அவர்கள் தம் ஊழியத்தில் தொடர்ந்து கற்க வேண்டிய பாடமாகும்.